மண்டி மொஹல்லா: மைசூரு நகர்ப்பகுதி ஒன்றின் வரலாறும் வாழ்வியலும்

முன்னுரை

மைசூரு என்றதும் நினைவுக்கு வருவன அரண்மனை, தசராப் பெருவிழா, சாமுண்டி மலை, சந்தனம், பட்டு ஆகியன. இந்நகரைப் பற்றி எழுந்த வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அரசமரபையும் திவான்களின் ஆட்சிச் சிறப்பையும் நடுவமாகக் கொண்டவை. அரண்மனைக் கதவுகளில் தந்தத்தைப் பதித்தவர், தசராப் பொருட்காட்சியில் வைக்கப்பெற்ற மேசையையும் பேழையையும் இழைத்தவர், நகரெங்கும் மணக்கும் ஊதுவத்தியை உருட்டியவர் ஆகியோர் எங்கு வாழ்ந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாக்களுக்கு அந்நூல்களில் விரிவான விடை இல்லை. அவ்விடையின் ஒரு பகுதி மண்டி மொஹல்லா என்னும் பழைய நகர்ப்பகுதியில் உள்ளது. அப்பகுதியின் பெயர், தோற்றம், தொழில், மொழி, அன்றாட வாழ்வு ஆகியவற்றைத் தொகுத்துக் காண்பதும், தமிழாய்வுக்கு அது தரும் செய்திகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நகரைத் தொழில்வாரித் தெருக்களாகக் காணும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் கூறுமிடத்துச் சங்கறுத்து வளை செய்வார் முதலிய கைவினைஞரையும் எண்ணிச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் எனப் பிரித்து, எத்தெருவில் எத்தொழிலோர் இருந்தனர் எனக் காட்டுகிறது. மன்னனின் மாளிகையை மட்டும் பாடாமல் கைவினைஞரின் தெருவையும் பாடிய அம்மரபின் கண்கொண்டு இற்றை நகரங்களைக் காண்பது பொருத்தமுடையது.

பெயராய்வு

‘மண்டி’, ‘மொஹல்லா’ என்னும் இரு சொற்களும் தமிழர்க்கு அயலானவை அல்ல. அரிசி மண்டி, வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி, வெல்ல மண்டி எனத் தமிழக வணிக வழக்கில் மொத்த விற்பனைக் கிடங்கைக் குறிக்க மண்டி என்னும் சொல் நன்கு வேரூன்றியுள்ளது. தமிழில் மண்டு என்னும் வினை நெருங்குதலையும் திரளுதலையும் குறிப்பதால், மக்கள் மண்டும் இடம் மண்டி எனப் பொருள் கொள்ள இடமுண்டு. எனினும் சந்தையைக் குறிக்கும் இச்சொல் வடநாட்டு வழக்கிலிருந்து வந்தது என்பதே மொழியியலார் கருத்து. வடஇந்திய இடைக்காலக் கல்வெட்டுகளில் சுங்கச்சாவடியையும் சந்தையையும் குறிக்கும் ‘மண்டபிகா’ என்னும் சொல்லே திரிந்து மண்டி ஆயிற்று என்பர். அவ்வாறாயின் மண்டபமும் மண்டியும் ஒரு வேரின் இரு கிளைகள் ஆகின்றன. அடிமண்டி, வண்டல் ஆகிய பொருளில் வழங்கும் தமிழ் ‘மண்டி’ இதனின் வேறானது.

மொஹல்லா என்பது ‘மஹல்லா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. பயணி சுமையிறக்கித் தங்குமிடம் என்னும் அடிப்பொருளிலிருந்து, மக்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதி என்னும் பொருளை அது பெற்றது. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே கன்னட நாட்டு நிர்வாக வழக்கில் அது புகுந்தது. தமிழ் முசுலிம்களிடையே ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பு எல்லை ‘மஹல்லா’ என்றே இன்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் அது சமய அமைப்பைச் சார்ந்த சொல்லாக நிற்க, மைசூரில் அனைத்துச் சமயத்தாரும் வாழும் நகராட்சிப் பிரிவின் பெயராக விரிந்துள்ளமை ஒப்புநோக்கத்தக்கது.

மைசூரின் பழைய நகர்ப்பிரிவுகள் கோட்டை, லஷ்கர், தேவராஜ, கிருஷ்ணராஜ, மண்டி, சாமராஜ, நஜர்பாத் என ஏழாகும். இவற்றுள் தேவராஜ, கிருஷ்ணராஜ, சாமராஜ ஆகியன அரசர் பெயர் தாங்கியவை. லஷ்கர் என்பது படையைக் குறிக்கும் பாரசீகச் சொல். நஜர்பாத், திப்பு சுல்தான் எழுப்ப முயன்ற புதிய ஊரின் நினைவைத் தாங்குகிறது. எஞ்சிய பிரிவுகளுள் வணிகத்தால் பெயர் பெற்றது மண்டி ஒன்றே. இவ்வேழு பெயர்களையும் ஒருசேர நோக்குங்கால் கோட்டை, படை, அரசு, சந்தை என ஒரு தலைநகரின் உறுப்புகள் அனைத்தும் பெயரளவில் நிலைத்திருப்பது புலனாகும்.

நகர் உருவாக்கமும் மண்டியும்

மைசூரு பழைமையான ஊராயினும் நகரென்ற நிலையில் அதன் வளர்ச்சி 1799-க்குப் பிற்பட்டதே. 1610-இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபின் ஆட்சிநடுவம் அங்கு மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூர்க் கோட்டையை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அருகில் நஜர்பாத்தை எழுப்பத் தொடங்கினார். 1799 மே 4-இல் அவர் வீழ்ந்தபின், சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அவ்வாண்டு சூன் 30-இல் அரியணை ஏற்றப்பட்டார். நஜர்பாத்துக்குச் சென்ற கற்கள் மீண்டும் மைசூர்க் கோட்டைக்கே திரும்பின. ஒரே கல் இரு ஊர்களின் சுவரில் மாறிமாறி இடம்பெற்ற இவ்வரலாறு, நகர்கள் அரசியலால் ஆக்கப்படுவதையும் அழிக்கப்படுவதையும் உணர்த்துவதாகும்.

தலைநகர் மாறியபோது அரசுப் பணியாளர், படையினர், வணிகர், கைவினைஞர் ஆகியோர்க்குப் புதிய குடியிருப்புகள் தேவைப்பட்டன. கோட்டைக்குள் அரண்மனையும் அதைச் சார்ந்தோரும் இருக்க, கோட்டைக்கு வடக்கே சந்தையும் தொழிலும் பெருகின. 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சிப்பொறுப்பை எடுத்துக்கொண்டு நிர்வாகத்தைப் பெங்களூரில் இருத்தியதால் மைசூரின் முதன்மை குறைந்தது. ஆயினும் அரண்மனை இங்கேயே இருந்தமையால் கைவினைஞர்க்கும் வணிகர்க்கும் ஆதரவு முற்றும் அற்றுப்போகவில்லை. 1881 மார்ச் 25-இல் ஆட்சி உடையார் மரபினர்க்குத் திருப்பி அளிக்கப்பட்டது. 1882-இல் பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின் சரக்குப் போக்குவரத்து எளிதாயிற்று.

அரண்மனை, அரசு அலுவலகம், சந்தை ஆகிய மூன்றனுள் மண்டியைத் தாங்கி நின்றது மூன்றாவது. வடக்குத் தெற்காகச் செல்லும் சயாஜி ராவ் சாலையும் அசோகா சாலையும் இப்பகுதியின் போக்குவரத்தைத் தாங்கும் பெருஞ்சாலைகள். சயாஜி ராவ் சாலையின் தென்பகுதியில் தேவராஜச் சந்தை உள்ளது. அதன் வடபகுதியில் ‘பேம்பூ பஜார்’ என்னும் மூங்கில் கடைத்தெரு உள்ளது. பூவும் காயும் தெற்கே, மூங்கிலும் மரமும் வடக்கே என அமைந்த இவ்வணிகத் தொடரின் பின்புறத் தெருக்களிலேயே மண்டி மொஹல்லாவின் வாழ்வு இயங்கியது. இன்று நகரின் ஒழுங்குமுறை வேளாண் விற்பனைக்கூடம் நஞ்சன்கூடு சாலையிலுள்ள பண்டிபாளையத்தில் இயங்குகிறது. மொத்த வணிகம் இடம்பெயர்ந்தும் மண்டி என்னும் பெயர் இடம்பெயரவில்லை. இடப்பெயர் ஒரு தொழிலின் எச்சமாக நிற்பதற்கு இது தக்க சான்றாகும்.

கொள்ளைநோயும் நகர்ச் சீரமைப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகள் மைசூர்க்குக் கொடியனவாக அமைந்தன. 1897-இல் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. 1898-இல் மைசூர் நாட்டில் பிளேக் நோய் பரவியது. நகரின் மக்கள்தொகை 1891-இல் 74,048 ஆக இருந்தது. 1901-இல் 68,111 ஆகக் குறைந்தது. வளர்ந்துவந்த தலைநகரொன்று பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆறாயிரம் பேரை இழந்து நின்றமைக்கு நோயால் நேர்ந்த இறப்பும், அச்சத்தால் மக்கள் வெளியேறியமையும் காரணங்களாகும்.

நோய்க்கு அஞ்சிய அரசு நகரமைப்பில் கருத்தைச் செலுத்தியது. 1903-இல் மைசூர் நகர மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டது. இந்தியாவில் இத்தகைய வாரியம் தோன்றிய தொடக்க நகரங்களுள் மைசூரும் ஒன்று. கோட்டைக்குள் நெருங்கியிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டன. அகன்ற தெருக்களும் சாக்கடைகளும் கொண்ட புதிய விரிவாக்கப் பகுதிகள் நகரின் தெற்கிலும் மேற்கிலும் எழுந்தன. 1908-இல் நகருக்கு மின்விளக்கு வந்தது.

இச்சீரமைப்பு நகர் முழுமைக்கும் ஒரே தன்மையில் பயன் தந்தது எனக் கருதுதல் இயலாது. அலுவலரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் புதிய விரிவாக்கங்களுக்குச் சென்றனர். வீட்டையே பட்டறையாகக் கொண்ட கைவினைஞர்க்குச் சந்தையை விட்டகல்வது எளிதன்று. மூலப்பொருள் தருவோர், கருவி தீட்டுவோர், மெருகிடுவோர், வாங்குவோர் ஆகிய அனைவரும் ஒரு கூப்பிடு தொலைவில் இருப்பதே அவர்களின் தொழிலுக்கு அடிப்படை. ஆகவே மண்டி போன்ற பழைய மொஹல்லாக்கள் நெருக்கமாகவே நீடித்தன. வெளியார்க்கு நெரிசலாகத் தோன்றுவது உள்ளிருப்போர்க்குத் தொழில் வாய்ப்பாக அமைந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

மருத்துவமனையும் வழிபாட்டிடங்களும்

மண்டி மொஹல்லாவின் பொதுவாழ்வில் முதன்மையிடம் பெறும் நிறுவனம் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையாகும். வெஸ்லியன் மறைப்பணியாளர் 1906-இல் நிறுவிய இம்மருத்துவமனை மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த் அம்மையாரின் நினைவைத் தாங்கியது. மக்கள் வழக்கில் இது ‘மிஷன் மருத்துவமனை’ என்றே அறியப்படும். பிளேக் அச்சம் நீங்காத காலத்தில், ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் மருத்துவம் அளிக்கும் இடமாக இது தோன்றியது. முசுலிம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் மொஹல்லாவில் ஒரு கிறித்தவ மருத்துவமனை நூறாண்டைக் கடந்து நிலைபெற்றமை அப்பகுதியின் சமூக இயல்பைக் காட்டும். இப்போது இது தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்துள்ளது. இதே வெஸ்லியன் மறைப்பணியாளரே 1887-இல் ‘விருத்தாந்த பத்திரிகே’ என்னும் கன்னட இதழை மைசூரில் தொடங்கினர்.

மொஹல்லாவுக்கு அண்மையில் அசோகா சாலையில் எழுந்துள்ள புனித பிலோமினா பேராலயத்தின் வரலாற்றில் தமிழ்த் தொடர்பு உண்டு. கொலோன் பேராலயத்தின் சாயலில் இரட்டைக் கோபுரங்களோடு அமைந்த இதற்கு நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933 அக்டோபர் 28-இல் அடிக்கல் நாட்டினார். பிலோமினாவின் திருப்பண்டத்தை மைசூர்க்குக் கொணர்ந்தவர் மன்னரின் செயலராகப் பணியாற்றிய டி.ஆர்.ஏ. தம்பு செட்டி. திருச்சிராப்பள்ளியில் பிறந்து மைசூர் அரசில் உயர்நீதிப் பதவி வகித்து, தற்காலிகத் திவானாகவும் விளங்கிய டி. தம்பு செட்டியின் மகன் இவர். பெங்களூரிலும் மைசூரிலும் தமிழ்க் கிறித்தவர் பெற்றிருந்த இடத்தை இக்குடும்ப வரலாறு விளக்கும்.

மரப்பதிப்புக் கலை

மண்டி மொஹல்லாவின் பெயரை வெளியுலகம் அறியச் செய்தது ஈட்டிமரப் பதிப்புவேலையாகும். ஈட்டிமரப் பலகையில் குழி செதுக்கி, அதனுள் தந்தம் அல்லது வேற்று நிற மரத்துண்டைப் பொருத்தி உருவம் அமைப்பது இக்கலையின் சாரம். இதில் ஈடுபட்டோர் பெரும்பாலும் முசுலிம் குடும்பத்தினர். அவர்கள் மண்டி மொஹல்லாவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழ்ந்துவருகின்றனர்.

இக்கலையின் பெருமைக்குச் சான்றாக நிற்பது அம்பா விலாஸ் அரண்மனை. 1897 தீவிபத்திற்குப்பின் ஹென்றி இர்வின் வரைந்த அமைப்பின்படி எழுப்பப்பெற்று 1912-இல் நிறைவுற்ற அம்மாளிகையில் தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவுகள் காண்போரைக் கவர்வன. 1906-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கட்டடத்தில் இயங்கிய சாமராஜேந்திரா தொழில்நுட்ப நிறுவனம் இக்கலையை முறைப்படி கற்பித்தது. தசராப் பொருட்காட்சி இப்பொருள்களுக்குக் காட்சிக்களமாகவும் சந்தையாகவும் விளங்கியது. அரண்மனை, பள்ளி, பொருட்காட்சி ஆகிய மூன்றும் மொஹல்லாவின் பட்டறையைச் சார்ந்து நின்றன. பட்டறையும் அவற்றைச் சார்ந்து வாழ்ந்தது.

வேலை முறை பின்வருமாறு அமையும். முதலில் ஓவியர் தாளில் உருவம் வரைவார். உருவத்தின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனித் துண்டாகப் பிரிக்கப்படும். யானை ஒன்றாயின் அதன் காது, தந்தம், அம்பாரி, பாகன் ஆகிய ஒவ்வொன்றும் தனித் துண்டு. நுண்ணிய கம்பி வாளால் அத்துண்டுகள் அறுக்கப்படும். பின்னர் அவற்றைப் பலகைமீது வைத்து ஓரம் கீறி, அக்கீறலுக்குள் உளியால் குழி எடுப்பர். பசையிட்டுப் பொருத்தியபின் மேற்பரப்பை இழைத்துத் தேய்த்துச் சமன்செய்வர். தந்தம் பதித்த வேலையாயின் முகத்தின் கண், புருவம், ஆடையின் மடிப்பு ஆகியவற்றை அதன்மேல் கூரிய கருவியால் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்புவர். இறுதியில் மெருகு ஏற்றப்படும். வரைபவர், அறுப்பவர், பதிப்பவர், மெருகிடுபவர் என வேலை பலரிடையே பகுக்கப்படும். ஒரு பொருள் முழுமையுறும்முன் அது பல வீடுகளைக் கண்டுவிடும். முழுமையுற்ற பொருளில் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை.

இக்கலை சந்தித்த பெருந்திருப்பம் தந்தத் தடையாகும். 1972-இல் இயற்றப்பட்ட வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. ஆப்பிரிக்கத் தந்தத்தை இறக்குமதி செய்து வேலையைத் தொடரும் வழியும் 1991 திருத்தத்தால் அடைபட்டது. இத்தடை தேவையானது; யானைகளின் அழிவைத் தடுத்தற்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் அறமான ஒரு சட்டத்தின் சுமை யார் தோளில் இறங்கியது என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும். தந்தத்தை விற்றுப் பொருள் ஈட்டிய வணிகர் வேறு சரக்குக்கு மாற இயலும். தந்தத்தைக் கீறுவதையே கைப்பழக்கமாகக் கொண்ட தொழிலாளிக்கு அது எளிதன்று.

அந்நெருக்கடியைக் கைவினைஞர் எதிர்கொண்ட விதமே இக்கலையின் அண்மைக்கால வரலாறு. தந்தத்தின் வெண்மைக்கு மாற்றாக நெகிழிப்பொருள் சில வேலைகளில் இடம்பெற்றது. அதனினும் சிறந்த மாற்றம், மரங்களின் இயற்கை நிறத்தையே வண்ணமாகக் கொள்ளும் முறை ஓங்கியமையாகும். பலாவின் மஞ்சள், கருங்காலியின் கருமை, ஈட்டியின் செம்பழுப்பு எனச் சாயமின்றியே நிறவேறுபாடு பெறப்பட்டது. மரத்தின் இழையோட்டமே நீரலையாகவும், மேகமாகவும், மலைச்சரிவாகவும் அமைந்தது. தந்த வேலை கறுப்பும் வெளுப்புமான கோட்டுருவங்களைத் தந்தது; மர வேலையோ ஒளியும் நிழலும் கொண்ட காட்சிகளைத் தந்தது. சிற்றூர்க் காட்சி, கீதோபதேசம், தசரா ஊர்வலம், மான் கூட்டம் முதலியன மிகுதியாகச் செய்யப்படும் உருவங்கள். கிருட்டிணன் அருச்சுனனுக்கு உபதேசிக்கும் காட்சியை முசுலிம் கைவினைஞர் இழைத்து அமைப்பது இங்கு நாள்தோறும் நிகழும் இயல்பான செயல்.

மைசூர் ஈட்டிமரப் பதிப்புவேலை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இருப்பினும் தடைகள் ஓயவில்லை. ஈட்டிமரம் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதன் வரத்து குறைவு, விலை மிகுதி. 2017 சனவரி 2 முதல் ஈட்டி உள்ளிட்ட அனைத்துத் தால்பெர்ஜியா இனமரங்களும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டமையால் ஏற்றுமதிக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. தந்தத்தில் தொடங்கிய தட்டுப்பாடு, அதைத் தாங்கிய மரத்தையும் எட்டியுள்ளது. புவிசார் குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். கையின் பழக்கத்தைக் காப்பது கூலியும் மாணாக்கரும் மட்டுமே.

ஊதுவத்தியும் மகளிர் உழைப்பும்

மரவேலை பெரும்பாலும் ஆடவர் தொழில். மகளிர் வீட்டிலிருந்தே செய்யும் தொழில்களுள் ஊதுவத்தி உருட்டுதல் இன்றியமையாதது. மைசூர் ஊதுவத்திக்கும் புவிசார் குறியீடு உண்டு. கரித்தூளையும் ஒட்டுந்தன்மையுடைய மரப்பட்டைத் தூளையும் நீரில் பிசைந்து, பலகைமீது மூங்கில் ஈர்க்கை வைத்து உள்ளங்கையால் உருட்டுவர். உருட்டிய வத்திகள் காய்ந்தபின் தொழிற்சாலைக்குச் செல்லும். மணமூட்டுதலும் பெட்டியில் அடைத்தலும் அங்கு நிகழும். கூலி ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்னும் முறையில் கணக்கிடப்படும். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே கிடைக்கும் நேரமே இத்தொழிலின் நேரம். கூரைமேலும் திண்ணையிலும் காயும் கருநிற வத்திகள் அவ்வுழைப்பின் வெளித்தோற்றம்.

உருட்டும் இயந்திரங்கள் பெருகியமையும், உருட்டப்பட்ட வத்திகள் வியத்நாமிலிருந்து மிகுதியாக வந்தமையும் கையால் உருட்டுவோரின் வருவாயைத் தாக்கின. 2019 ஆகஸ்டில் நடுவணரசு ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இறக்குமதி கட்டுப்பட்டாலும் அந்த வேலை மீண்டும் கைக்கே வரும் என்பதற்கு உறுதியில்லை. அவ்விடத்தை உள்நாட்டு இயந்திரமும் நிரப்பக்கூடும்.

சொற்களும் மொழிகளும்

மண்டி மொஹல்லாவின் தெருக்களில் தக்னி உருதும் கன்னடமும் முதன்மையாக ஒலிப்பன. தமிழ் பேசுவோரும் நகரின் இப்பழம்பகுதிகளில் கலந்து வாழ்கின்றனர். தக்னி, வடநாட்டு மொழிக்குடும்பத்தைச் சார்ந்ததாயினும் திராவிட மொழிகளோடு நெடுங்காலம் உறவாடிய மொழி. பிறர் கூற்றை மேற்கோளாக எடுத்துரைக்குமிடத்துத் தக்னியில் வரும் ‘போல்கே’ என்னும் வடிவம், தமிழின் ‘என்று’, கன்னடத்தின் ‘எந்து’ ஆகியவற்றின் அமைப்பைப் பின்பற்றியது. சொல் வடநாட்டினது, தொடரமைப்பு தென்னாட்டினது.

தொழிற்சொற்களும் இவ்வுறவைக் காட்டுவன. தமிழில் ஈட்டி, தோதகத்தி என வழங்கும் மரம் மலையாளத்தில் ஈட்டி, வீட்டி எனவும், கன்னடத்தில் பீட்டெ எனவும் வழங்கும். தமிழ் வேர், வெயில் ஆகியன கன்னடத்தில் பேரு, பிசிலு என வகரம் பகரமாக மாறுதல் அறிந்த விதி. அவ்விதிப்படி வீட்டி, பீட்டெ ஆயிற்று. தமிழ் வடிவத்தில் மொழிமுதல் வகரம் இல்லாமை தனியே ஆராயத்தக்கது. வடமொழிவழி வந்த தந்தம் என்பது தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றாகவே வழங்க, உருதில் ‘ஹாத்தி தாந்த்’ என யானைப்பல் எனும் பொருளில் அமைகிறது.

ஊதுவத்தி என்னும் சொல்லை ஊதுதல் என்னும் வினையோடு இயைத்துக் காண்போர் உளர். ஆயின் அகிற்கட்டையைக் குறிக்கும் அரபுச் சொல் ‘ஊத்’ என்பதாகும். இந்துத்தானியில் ‘ஊத்பத்தி’, கன்னடத்தில் ‘ஊதுபத்தி’, தமிழில் ‘ஊதுவத்தி’ என இணையான வடிவங்கள் உள்ளன. அகில் வத்தி என்பதே அதன் முதற்பொருள் எனக் கொள்வது பொருந்தும். அகிலும் ஆரமும் சங்க நூல்களில் மலைபடு பொருள்களாகப் பேசப்படுவன. அவற்றின் மணம் அரபு வணிகர் வழியே வேற்றுப்பெயர் தாங்கி, மைசூரின் சிறுதெருவொன்றில் தமிழ்ச்சொல் போன்றே ஒலிப்பது சொல் வரலாற்றின் விந்தை.

விழாக்களும் அன்றாட வாழ்வும்

தசராவின் பத்தாம் நாள் நிகழும் ஜம்பூ சவாரி ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, கிருஷ்ணராஜ வட்டம் வழியாகச் சயாஜி ராவ் சாலையில் வடக்கே சென்று, ஆயுர்வேதக் கல்லூரி, பேம்பூ பஜார் ஆகியவற்றைக் கடந்து பன்னிமண்டபத்தை அடையும். நகரின் அரசவிழா கைவினைஞர் வாழும் தெருக்களின் வாயிலைத் தொட்டுச் செல்வதால், அவ்விழா அங்கு வாழ்வோர்க்கும் உரியதாகிறது. மரத்தில் இழைக்கப்படும் தசராக் காட்சி, கண்ணால் கண்டதன் பதிவும் ஆகும்.

ரமலான் திங்களில் மொஹல்லாவின் பொழுது மாறுகிறது. பகலில் ஓய்ந்திருக்கும் தெரு, நோன்பு திறக்கும் வேளையில் உயிர்பெறும். மீனா பஜார்ப் பகுதியில் மாலைதோறும் பழம், பேரீச்சை, சமோசா, இறைச்சி உணவு ஆகியவற்றின் கடைகள் நிறையும். பிற சமயத்தாரும் அங்குச் சென்று உண்பது வழக்கம். பெருநாள் தொழுகைக்குத் திலக் நகர் ஈத்கா மைதானத்தில் மக்கள் திரள்வர்.

அன்றாட வாழ்வில் வீடு, பட்டறை, தெரு ஆகிய மூன்றும் தனித்தனி எல்லை உடையன அல்ல. முன்னறையில் மரம் அறுபட, பின்கட்டில் சமையல் நடக்கும். மரத்தூள் அடுப்புக்கு எரிபொருளாகும். சிறுவர் தேய்க்கும் வேலையில் தொடங்கி அறுக்கும் வேலைக்கு உயர்வர் என்பதே பழைய பயிற்சி முறை. பள்ளிக் கல்வி பரவியபின் அம்முறை தளர்ந்தது. குழந்தைகள் பட்டறையை விட்டுப் பள்ளிக்குச் செல்வது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் பள்ளிக்குச் சென்றோர் மீண்டும் பட்டறைக்கு வரத்தக்க வருவாயும் மதிப்பும் அத்தொழிலில் இல்லை என்பதே சிக்கல்.

தமிழாய்வும் மைசூரும்

மைசூரோடு தமிழாய்வுக்குள்ள உறவு நெடியது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றி, அதற்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். 1116-ஐ ஒட்டி ஒய்சள விட்டுணுவர்த்தனன் அதை மீட்டான். அவ்விடைக்காலத்தும் அதன் பின்னரும் பொறிக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டுகள் மைசூரு மாவட்டத்தில் பல. அவற்றை பி.எல். ரைஸ் ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளில் வெளியிட்டார். 1966-இல் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தலைமையகம் உதகையிலிருந்து மைசூர்க்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைக் காணத் தமிழறிஞர் இந்நகருக்கு வந்துசென்றனர். அப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கு நிறுவப்பட்டது. செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் 2006-இல் அந்நிறுவனத்திலேயே தொடங்கி, 2008-இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழறிஞர் பலர் மைசூரில் தங்கி ஆய்ந்தனர். அவர்கள் கவனம் கல்லிலும் ஏட்டிலும் பதிந்தது; அது நல்விளைவு தந்தது. ஆயின் கல்லில் பொறிக்கப்படாத சொற்கள் அந்நகரின் தெருக்களிலேயே வழங்கிவந்தன. கல்வெட்டுப் படி ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்ற இயலும், படியெடுக்கவும் இயலும். கருவியின் பெயரும், மரத்தின் இழையைக் குறிக்கும் சொல்லும், உருட்டும் கையின் அசைவைச் சுட்டும் வழக்கும் அவற்றைப் பேசுவோருடன் மறைவன.

முடிவுரை

மண்டி மொஹல்லா பற்றிய இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகளாவன:

1. மைசூரின் பழைய எழுபிரிவுகளுள் வணிகத்தால் பெயர் பெற்றது மண்டி. மொத்த வணிகம் நகரின் புறத்தே சென்றபின்னும் அப்பெயர் நிலைத்துள்ளது.

2. 1898 பிளேக்கிற்குப் பின் எழுந்த நகர்ச் சீரமைப்பு புதிய விரிவாக்கங்களை உண்டாக்கியது. வீட்டையே பட்டறையாகக் கொண்ட கைவினைஞர் பழைய மொஹல்லாக்களிலேயே தங்கினர்.

3. அரண்மனையின் அழகுக்கும் மொஹல்லாவின் உழைப்புக்கும் இடையிலான தொடர்பு நேரடியானது. தந்தத் தடையை இக்கலை மரத்தின் இயற்கை நிறத்தால் வென்றது; மரத்தட்டுப்பாட்டையும் மாணாக்கர் குறைவையும் வெல்வதற்கான வழி இன்னும் தெளிவாகவில்லை.

4. மண்டி, மஹல்லா, ஈட்டி, ஊதுவத்தி முதலிய சொற்கள் தமிழ், கன்னடம், மலையாளம், உருது, அரபு ஆகியவற்றின் உறவை விளக்கும் சான்றுகளாக உள்ளன.

5. மரப்பதிப்பு, ஊதுவத்தித் தொழில்களின் கலைச்சொற்களை உருது, கன்னடம், தமிழ் ஆகிய மும்மொழி அகராதியாகத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். இப்பணியைத் தமிழ்த்துறைகள் கன்னட, உருதுத் துறைகளோடு இணைந்து மேற்கொள்ளுதல் இயலும்.

அரண்மனைக் கதவை நாள்தோறும் பல்லாயிரவர் கண்டு வியக்கின்றனர். அதனைச் செய்த கைகளின் மரபு, வடக்கே சிறிது தொலைவிலுள்ள தெருக்களில் இன்றும் வாழ்கிறது. அம்மரபு நினைவாக மாறுவதற்குமுன் அதன் சொற்களும் முறைகளும் பதிவுசெய்யப்படுதல் வேண்டும்.